தங்கத் துகளுக்கு மந்திரம் தெரியாது!



'நானோ' என்றதும் உங்கள் அப்பாவுக்கு ஒரு குட்டிக் கார் ஞாபகம் வரும். உங்களுக்குக் கைப்பேசியில் வரும் விளம்பரங்கள்தான் ஞாபகம் வரும். நானோ பெயின்ட், நானோ சோப்பு, நானோ துணி என்று எதற்கெடுத்தாலும் அந்தப் பெயரைச் சூட்டி விடுகிறார்கள். 'நானோ தங்கத் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் பறந்து போகும்' என்றுகூடச் செய்திகள் சுற்றுகின்றன.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எங்கள் காஞ்சிபுரத்தில், காரைப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பஸ் அந்தப் பக்கம் போகும்போது பெரியவர்கள் சிலர் பேச்சைக் குறைத்துக் கொள்வார்கள். அந்த நோயின் பெயரைச் சொல்லாமல், 'அந்த வியாதி' என்பார்கள்.

ஒன்றைக் கேட்டு மயங்குகிறோம். இன்னொன்றைக் கேட்டு நடுங்குகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். விஷயம் என்னவென்று நமக்குத் தெரியவில்லை! தெரிந்து கொண்டால் ஏமாறவும் மாட்டோம், பயப்படவும் மாட்டோம். வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

ஸ்கேலை எடுங்கள்!

உங்கள் ஸ்கேலில் உள்ள மிகச் சிறிய கோட்டு இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் பாகமாகப் பிரியுங்கள். அதில் ஒரு பாகம்தான் ஒரு நானோமீட்டர். என்ன, தலை சுற்றுகிறதா?

எங்கள் ஓரிக்கைப் பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆகவே பட்டையே உதாரணமாகச் சொல்கிறேன். பட்டுப்புழு விடும் ஒற்றை இழை எவ்வளவு மெல்லியது! அதுவே சுமார் 10,000 நானோமீட்டர் தடிமன். உங்கள் தலைமுடி 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். நாம் பேசப் போகும் துகள்களோ பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டருக்குள் அடங்கி விடும்.

அவ்வளவு சிறியதாக ஆக்கினால் என்ன லாபம்? ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரக் கற்கண்டை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், எல்லாவற்றின் பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! பரப்பு கூடினால் அதன்மேல் மருந்தைப் பூசலாம், வேறு பொருள்களை ஒட்டலாம்.

குணமும் மாறும். தங்கம் மஞ்சள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நானோ அளவில் தண்ணீரில் கலந்த தங்கம் சிவப்பாகத் தெரியும்! 1857-ல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து சொன்னார். அவர் தயாரித்த சிவப்புத் தங்கக் கரைசல் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சிவப்பை நீங்களும் பார்த்திருக்கலாம். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்காக மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்களே, அந்தச் சின்னப் பட்டையில் சிவப்புக் கோடு விழுந்ததல்லவா? அத்தகைய பல பட்டைகளில் கோடு போட்டவை தங்க நானோ துகள்கள்தான். கிருமியின் பாகத்தைப் பிடித்துக் கொள்ளும் பொருளைத் துகளின்மேல் ஒட்டி வைத்திருப்பார்கள். கிருமி இருந்தால் துகள்கள் ஓரிடத்தில் கூடிக் கோடாகத் தெரியும். ரத்தத்தில் தெரியும் புற்றுநோயின் அடையாளங்களையும் இதேபோல் பிடிக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் பல நாடுகளில் முயன்று வருகிறார்கள்.

அட்டையில் ஒரு தவறு

புற்றுநோய் என்றால் என்ன? தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் சுற்றும். எந்த இழை எப்போது தூக்க வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் சொல்லும். ஓர் அட்டையில் தவறான துளை விழுந்து விட்டால், அந்த அட்டை வரும்போதெல்லாம் புட்டாவில் அதே தவறு வரும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படிக் குறிப்புகள் உண்டு. 'இவ்வளவு வளர்ந்தது போதும், நிறுத்து' என்று சொல்லும் குறிப்பு கெட்டு விட்டால், அந்தச் செல் நிற்காமல் பெருகும். அதன் பிள்ளைச் செல்களும் அதே தவறோடு பெருகும். அதுதான் புற்றுநோய்க் கட்டி. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொட்டால் ஒட்டிக் கொள்ளும் நோய் அல்ல. இந்த வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்ல ஊசி மருந்து தருகிறார்கள். அதற்குக் கீமோதெரபி என்று பெயர். அந்த மருந்துக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. முடியின் வேரில் உள்ள செல்களும் வேகமாகப் பெருகுபவை. ஆகவே அவற்றையும் தாக்கும். முடி கொட்டுவது அதனால்தான்.

மருந்துக்கு ஒரு மூட்டை

இங்கேதான் நானோ துகள் வேலைக்கு வருகிறது. 'டாக்ஸோரூபிசின்' என்ற மருந்து புற்றுநோயை நன்றாக எதிர்க்கும். ஆனால் இதயத்தைக் கெடுத்து விடும். அதைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தார்கள். உடம்பின் காவல் செல்கள் சீக்கிரம் பிடித்து விடாதபடி மேலே ஒரு பூச்சும் கொடுத்தார்கள். 1995-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது.

குமிழிக்குக் கட்டி இருக்கும் இடம் எப்படித் தெரியும்? தெரியாது! கட்டி அவசரம் அவசரமாகத் தனக்கு ரத்தக் குழாய்களை உண்டாக்கிக் கொள்ளும். அவசரத்தில் நெய்த துணி எப்படி இருக்கும்? நெருக்கமில்லாமல் ஓட்டை ஓட்டையாக இருக்குமல்லவா? அந்தக் குழாய்களும் அப்படித்தான். நல்ல குழாய்களின் சுவரைத் தாண்டி வெளியேற முடியாத குமிழிகள், அந்த ஓட்டைகள் வழியாகக் கட்டிக்குள் கசிகின்றன. இதயத்துக்கு ஏற்படும் கேடு குறைகிறது.

நாம் பெருமைப்பட ஒரு செய்தி சொல்கிறேன். 2012-ல் அமெரிக்காவில் இந்த மருந்துக்குக் கடுமையான தட்டுப்பாடு வந்தது. அப்போது இந்தியாவின் சன் பார்மா நிறுவனம் தயாரித்த இதே வகை மருந்தை வரவழைத்துக் கொள்ள அந்நாட்டு அரசு அனுமதித்தது. மறு ஆண்டு அந்த நிறுவனத்தின் மருந்துக்கு முறையான ஒப்புதலும் கிடைத்தது.

கண்டுபிடிக்கும் வேலைக்கும் துகள்கள் வந்து விட்டன. மார்பகப் புற்றுநோய் பரவினால், பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சு. எந்த முடிச்சு என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்களை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அவை அந்த முடிச்சுக்குப் போய் உட்காரும். காந்தத்தை உணரும் கருவியை மேலே நகர்த்தினால் இடம் தெரிந்து விடும். அமெரிக்காவில் இதற்கு 2018-ல் அனுமதி கிடைத்தது.

சரிகை போல ஒரு துகள்

காஞ்சிப் பட்டின் சரிகை முழுத் தங்கம் அல்ல. நடுவில் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். இதேபோல, நடுவில் சிலிக்கா (மணலில் இருக்கிறதே, அதே பொருள்தான்), மேலே தங்கப் பூச்சு கொண்ட நானோ துகளை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு உருவாக்கியது. அவரும் ஜெனிஃபர் வெஸ்ட் என்ற பொறியாளரும் அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்த முயன்றார்கள். துகள்கள் கட்டிக்குள் சேர்ந்ததும், சதைக்குள் ஊடுருவும் ஒருவகை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். தங்கம் சூடேறும், சுற்றியுள்ள புற்றுச் செல்கள் வெந்து போகும்.

எலிகளில் செய்த சோதனை 2003-ல் வெளிவந்தது. மனிதர்களில், அதுவும் வெறும் 16 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2019-ல் வெளிவந்தது. நடுவில் 16 ஆண்டுகள்! ஏன் இவ்வளவு தாமதம்? துகள் உடம்பில் எங்கே தங்குகிறது, கெடுதல் செய்யுமா என்றெல்லாம் ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். நல்ல விஞ்ஞானம் மெதுவாகத்தான் நடக்கும். 'ஒரே வாரத்தில் குணம்' என்று யாராவது சொன்னால், அவர் விஞ்ஞானம் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார் என்று புரிந்து கொள்ளுங்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். பத்து ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளை, பெரும்பாலும் எலிகளில் செய்தவற்றை, கனடாவின் டொரன்டோ விஞ்ஞானிகள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவைச் சொன்னார்கள். உடம்பில் செலுத்திய துகள்கள் 1,000 என்றால், கட்டிக்குப் போய்ச் சேர்ந்தவை சராசரியாக 7 மட்டுமே! மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக் கொள்கின்றன.

விஞ்ஞானிகள் ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்தியே இந்த நிலைமை. அப்படியிருக்க, பாட்டிலில் அடைத்த 'நானோ தண்ணீர்' புற்றுநோயைத் தேடிப் பிடிக்குமா? தங்கத் துகளுக்கு மந்திரம் தெரியாது, பிள்ளைகளே! அது விலை உயர்ந்த ஒரு கருவி. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர் டாக்டர் மட்டுமே.

எந்தத் துகளாலும் முடியாத வேலை

அறிஞர் அண்ணா நம் காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்தவர். முதலமைச்சராக இருந்தபோது புற்றுநோய் வந்து, 1968-ல் நியூயார்க் வரை சென்று சிகிச்சை பெற்றார். ஆனாலும் 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். அன்றைக்கு நாம் மேலே பார்த்த குமிழி மருந்து கிடையாது. இன்று அவர் பெயரிலேயே அவர் ஊரில் புற்றுநோய்க்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. அதைப் பார்த்து நாம் தைரியம் அல்லவா கொள்ள வேண்டும்?

ஆனால் எங்கள் தெருவில் என்ன நடந்தது தெரியுமா? தறி வீட்டு அம்மா ஒருவர் தன் மார்பில் கட்டி இருப்பதை ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. 'வலிக்கவில்லையே' என்று இருந்து விட்டார். டாக்டரிடம் போனபோது நோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. ஓர் ஆண்டுக்குள் அவரை இழந்தோம். 100 நானோமீட்டர் துகளைச் செய்யத் தெரிந்த உலகில், கோலிக்குண்டு அளவுக் கட்டியை மறைத்து வைத்ததால் ஓர் உயிர் போயிற்று!

நான் வேலை பார்த்தபோது, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலையில் துணி கட்டிக் கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். "ஒட்டிக்குமாம் சார், எங்க ஆயா சொன்னாங்க" என்றார்கள். நான் பதில் சொல்வதற்குள் கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, பையை வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விட்டாள். அன்றைய பாடத்தை நடத்தியது அந்தப் பெண்தான். நோயிலிருந்து மீண்டவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை வற்புறுத்திச் சொன்னதும் இதுதான்: பயத்தை விடுங்கள், ஆரம்பத்திலேயே வாருங்கள்.

ஆகவே உங்களுக்கு மூன்று வேலைகள் தருகிறேன். வீட்டில் யாருக்காவது ஆறாத புண், புதிதாகக் கட்டி, நாள்பட்ட இருமல் இருந்தால், "டாக்டரிடம் காட்டலாமா?" என்று கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. புகையிலை, பான் மசாலா பக்கம் நீங்கள் போகவே போகாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் அன்பாகச் சொல்லுங்கள். நோயில் இருக்கும் நண்பன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நான்காவது வேலை கொஞ்சம் பெரியது. அதற்கு அறிவியலும் கணக்கும் நன்றாகப் படிக்க வேண்டும். ஆயிரத்தில் ஏழு துகள்தான் கட்டிக்குப் போகிறது என்றேன் அல்லவா? அந்த ஏழை எழுபது ஆக்க வேண்டும். யார் செய்யப் போகிறீர்கள்?

- ஓய்வு பெற்ற ஆசிரியர், ஓரிக்கை