ஓராண்டு யாத்திரையின் வரவு செலவு

வருஷம் முடிந்தால் வியாபாரி கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறான். குடியானவன் களத்தில் நின்று பத்தாயத்துக்கு எவ்வளவு, கடன்காரனுக்கு எவ்வளவு என்று எண்ணுகிறான். ஊர் ஊராய்ப் போய் மேடையேறி மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் நம்மைப் போன்ற பிரசாரகர்கள் மாத்திரம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லையா? நம்முடைய புத்தி இந்த ஓராண்டில் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று நாமே கேட்டுக் கொள்ளாவிட்டால் வேறு யார் கேட்கப் போகிறார்கள்? ஆகவே இவ்வாரம் பிறர் கணக்கை விட்டு நம் கணக்கையே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நமது வள்ளியூரில் யாத்திரைக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள்ளேயே குன்றைக் குடைந்த முருகன் கோயில் இருக்கிறது. அது போதாதென்று திருச்செந்தூருக்கு நடை, சபரிமலைக்கு மாலை, காசிக்கு ரயில். உள்ளூர் முருகனுக்குச் சக்தி குறைவா அல்லது தூரத்து முருகனுக்குச் சக்தி அதிகமா என்று கேட்டால் பதில் கிடையாது, கோபந்தான் வரும். போனவர்கள் திரும்பி வருகிறார்கள். கால் வெடித்திருக்கிறது, கையிலிருந்த பணம் கரைந்திருக்கிறது, சிலர் வட்டிக்கும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் போகும்போது இருந்த புத்தியே வரும்போதும் இருக்கிறது. இதையெல்லாம் சென்ற ஆண்டு வரை நாம் மேடையில் கேலி செய்து வந்தோம். கூட்டமும் சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் மாலை போட்டார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நிற்க. ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த நமது மகளைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. கட்டுவிரியன் கடியில் பெரிய வலி இராது, வீக்கமும் இராது. ஆதலால் ஏதோ பூச்சி என்றே நினைத்தோம். சிறிது நேரத்துக்கெல்லாம் “கண்ணு சொருகுதுப்பா” என்றாள். பேச்சுக் குழறிற்று. பக்கத்து வீட்டார் பார்வை பார்த்து விஷம் இறக்குகிறவரைக் கூட்டிவரப் புறப்பட்டார்கள். நாம் தடுத்து, காரில் ஏற்றிக் கொண்டு பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நமது தாயார் மஞ்சள் துணியில் காசு முடிந்தார்.

இப்போது சொல்லப் போவதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைத்தால் நாணயமாகாது. நாங்குநேரி தாண்டும்போது குழந்தையின் தலை நம் தோளில் சாய்ந்து விழுந்தது. அப்போது இருபது ஆண்டுகளாகச் சாமி இல்லை என்று பேசி வரும் இந்த வாய் “முருகா” என்றது.

ஆஸ்திகத் தோழர்கள் இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, ஆபத்து வந்தால் உள்ளே இருக்கும் பக்தி வெளியே வந்துவிடுகிறது” என்று சொல்லக் கூடும். வந்தது பக்தியல்ல, பயம். பயத்தில் சிறு வயதில் பழகிய சொல் வாயில் வருகிறது. முள் குத்தினால் “அம்மா” என்கிறோம். அம்மா வந்து முள்ளை எடுத்தாள் என்று யாராவது சாதிக்கிறார்களா? கூப்பிட்டதனாலேயே கூப்பிடப்பட்டவர் இருக்கிறார் என்று ஆகிவிடுமா?

பிள்ளை பிழைத்தாள். மூச்சு இயந்திரம் மூன்று நாள் அவளுக்காக மூச்சு விட்டது. விஷமுறிவு மருந்து உள்ளே போயிற்று. அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தோம். பாம்பு விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது அதன் முறை. பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் 1890களில் வகுத்த வழி அது. நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதியை, சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் தெருக்களில் உட்காரச் சொல்லி ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யோசிக்கப்படும் பழங்குடி மக்கள், உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த பாம்பின் விஷம். அதைத் தாங்கிய குதிரையின் இரத்தம். இவை நமது பெண்ணின் உடம்பில் ஓடி அவளைக் காப்பாற்றின. ஊசி போடுமுன் எந்தச் சாதி மருந்து என்று அங்கிருந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. தீட்டு என்பது உயிர் போகும் நேரத்தில் ஓடிவிடுகிறதென்றால், உயிர் இருக்கும்போது மாத்திரம் அதற்கு என்ன வேலை?

அடுத்த யாத்திரை தாயாருடையது. முடிந்த காசைச் செலுத்த வேண்டும் என்றார். வயது எழுபதுக்கு மேல். தனியே போக முடியாது. நாமே அழைத்துப் போனோம். இதற்காகத் தோழர்கள் சிலர் நம்மைக் கண்டித்தார்கள். தாயாரின் நம்பிக்கையைப் பூட்டி வைப்பது பகுத்தறிவு ஆகாது என்பது நம் அபிப்பிராயம். நாம் கும்பிடவில்லை, அவரைத் தடுக்கவுமில்லை. வழியில் கேலியும் பேசவில்லை. கோயில் எது என்பது முக்கியமல்ல. பெரிய கோயில்கள் பலவற்றில் உள்ள வழக்கந்தான். பணம் கட்டியவர்களுக்குக் குறுக்கு வழி, கட்டாதவர்களுக்குச் சுற்று வழி. அம்மா இரண்டரை மணி நேரம் நின்றார். பிறகு நம்மைப் பார்த்து, “ஏல, சாமியப் பாக்கவும் துட்டுக்காரனுக்குத்தான் மொத வரிசையா?” என்றார். நாம் இருபது ஆண்டு பேசியும் அவரிடம் எழுப்ப முடியாத கேள்வியை ஒரு வரிசை எழுப்பிவிட்டது.

இந்த ஒரு கேள்விக்காக அந்த யாத்திரைச் செலவு முழுவதையும் வரவில் வைக்கலாம். ஏனெனில் இப்படிப்பட்ட கேள்வி சாமானியமானதல்ல. 1904இல் ஈரோட்டிலிருந்து வீட்டைத் துறந்து காசிக்குப் போன ஒரு வாலிபர், அன்ன சத்திரத்து வாசலில் பசியோடு நின்றார். கட்டியது பார்ப்பனரல்லாதார் பணம். சோறு பார்ப்பனருக்கு மாத்திரம். எச்சிலிலையில் மிஞ்சியதை எடுத்துத் தின்று பசியாறினார் என்பது பெரியாரின் வரலாற்றில் எல்லோரும் அறிந்ததே. காசிக்கு லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். அவர்கள் கண்ட காசியும் அவர் கண்ட காசியும் ஒன்றுதான். அவர் கேள்வியோடு திரும்பினார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கேள்வியே இருபது ஆண்டு கழித்து, நமது தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியிலும் எழுந்தது. வ. வே. சு. அய்யரின் குருகுலம் காங்கிரஸ் பணமும் பெற்று நடந்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி எதற்கு என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டபோது தமிழ்நாடே அதிர்ந்தது.

வைக்கத்துக்கும் இவ்வாண்டு போய் வந்தோம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றிருந்த ஊர் அது. 1924 மார்ச் 30இல் போராட்டம் தொடங்கிற்று. பெரியார் இரு முறை சிறை சென்றார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். திருவிதாங்கூர் அரசு கோயில்களையே திறந்துவிட 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று. புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தெருவில் நாம் நடந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் தெரு. அப்படி ஆனதுதான் வெற்றி.

இந்தப் பெருமையோடு வீடு திரும்பினோம். திரும்பிய அன்றே, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நமது மகன் கையில் ஒரு வண்ணக் கயிறு கண்டோம். எதற்கு என்றோம். “கிளாஸ்ல நம்ம ஆளுவ எல்லாரும் கட்டிருக்கானுவப்பா” என்றான். “நம்ம ஆளுவ” என்ற சொல் வைக்கத்திலிருந்து நாம் கொண்டு வந்த பெருமையையெல்லாம் ஒரு நொடியில் கழித்துவிட்டது. இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பேரில் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். நமது வீட்டுக் கையைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

அவனை அடிக்கவில்லை. “உன் அக்காள் உடம்பில் ஓடிய மருந்துக்கு எந்த ஆளுவடா பாம்பு பிடித்தான்?” என்று மட்டும் கேட்டோம். பதில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துக் கயிறு கையில் இல்லை. அறிவு வந்து அவிழ்த்தானா, அப்பனுக்குப் பயந்து அவிழ்த்தானா, நமக்கு இன்னும் தெரியாது. பயத்தினால் என்றால் அது திரும்பவும் ஏறும்.

ஆகவே இந்த ஓராண்டில் நாம் கண்டது இதுதான். எவ்வளவு தூரம் போனோம் என்பது யாத்திரையாகாது. என்ன கேள்வியோடு திரும்பினோம், அந்தக் கேள்வியை முதலில் யாரிடம் கேட்டோம் என்பதே யாத்திரை. பயமிருக்கிறவனைக் கேலி செய்து பயன் இல்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போய்க் கேட்கிறவனே, பத்து மேடையில் சாமியைத் திட்டுகிறவனைவிட அதிகமான மஞ்சள் துணிகளை அவிழ்க்கிறான். தோழர்களும் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். அதை முதலில் தங்கள் வீட்டு வாசற்படிக்கு உள்ளே பார்க்க வேண்டும்.