இருபது துளையும் ஆயிரம் துளையும்

‘எல்லோரையும் பாஸ் போட்டால் இப்படித்தான் ஆகும்’ என்ற பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாத பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. தமிழ்நாடு ஏற்க மறுத்தது. அது சரியான முடிவு. ஆனால் ‘பராக்’ தேசிய ஆய்வின் முடிவுகள் வெளிவந்த பிறகு, மாநிலத்தின் மறுப்பைக் குற்றமாகவே பேசத் தொடங்கிவிட்டார்கள். கணக்கில் பிள்ளைகள் பின்தங்கியதற்குத் தேர்வு பயம் இல்லாததே காரணமாம்.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். ஆய்வு நடந்தது 2024 டிசம்பர் 4-ஆம் தேதி. நாடு முழுவதும் 781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். நிறுத்திவைக்கும் விதி அரசிதழில் வந்தது டிசம்பர் 16. ஆய்வின் முடிவு வெளியானது 2025 ஜூலையில். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று தெரிவதற்கு ஏழு மாதம் முன்பே தண்டனை முடிவாகிவிட்டது.

அந்த முடிவுகளில் ஓர் எண் என்னை உறங்கவிடவில்லை. அரை, கால், முக்கால் போன்ற அன்றாடப் பின்னங்களைக் குறித்துக்காட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 29 சதவீதம். நாடு தழுவிய எண் இது. ஆறாம் வகுப்பில் சோதித்தது, ஐந்தாம் வகுப்பு முடிய என்ன கற்றார்கள் என்று அறிவதற்காகத்தான். பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு அரை பெரிதா முக்கால் பெரிதா என்பதைத் தாளில் காட்ட வரவில்லை. கடையில் கால் கிலோ சீனி வாங்கிவரும் பிள்ளைகள் இவர்கள். அரை டிக்கெட்டில் பஸ் ஏறும் பிள்ளைகள். இவர்களுக்குக் கால் தெரியாது என்று சொல்லும் தாளில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது. அல்லது அந்தத் தாளுக்கு இவர்களை அழைத்துப்போன வழியில்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு சனிக்கிழமை கண்டதைச் சொல்கிறேன். நாட்டுப்படகுகள் கரை சேர்ந்து, ஊளியும் பாறையும் கூறு கூறாகக் கிடக்கின்றன. ஏலம் முடிந்து, டீசல், ஐஸ் செலவு கழித்து ஒரு வல்லத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு நின்றது. பாதி வல்லத்துக்கு, பாதி ஐந்து ஆட்களுக்கு. ‘ஏல, ஆளுக்கு எம்புட்டுல வரும்?’ என்று சித்தப்பா கேட்க, பத்து வயதுப் பையன் வானத்தைப் பார்த்துச் சொன்னான்: ‘அஞ்சு எழுநூறு மூவாயிரத்தைந்நூறு. பாக்கி எரநூத்தம்பது, அதுல ஆளுக்கு அம்பது. எழுநூத்தம்பது.’ வலைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரணம்.

அவனிடமே நோட்டில் 3750-ஐ ஐந்தால் வகுத்துக் காட்டச் சொன்னேன். 75 என்று எழுதினான். முப்பத்தேழில் ஏழு முறை, மிச்சம் இரண்டு, இருபத்தைந்தில் ஐந்து முறை. கடைசிப் பூஜ்யத்தை இறக்க மறந்துவிட்டான். அவன் பள்ளி நோட்டில் இதே போன்ற கணக்குகளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. ‘எழுபத்தைந்து ரூபாய்க்கு உன் சித்தப்பா கடலுக்குப் போவாரா?’ என்று கேட்டதும் பையன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான். அந்த ஒரு கேள்விதான் வகுப்பறையில் இல்லை.

இது திரேஸ்புரத்தின் கதை மட்டும் அல்ல. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைபார்க்கும் சிறுவர்களை ஆராய்ந்து 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் ஒன்றேகால் கிலோவும் நூற்றைம்பது கிராமும் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் தாளும் பேனாவும் இல்லாமல் 37 ரூபாய் என்று விடை சொல்லிவிடுகிறார்கள். பாடப்புத்தக வடிவில் அதைவிட எளிய கணக்கைக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்கில் இறக்கினால் அவர்களும் அதேபோலத் திணறுகிறார்கள். இரண்டு கரை, நடுவே பாலம் இல்லை. பாலம் கட்டாதவனை விட்டுவிட்டு நீந்தத் தெரியாத பிள்ளையை நிறுத்திவைப்போம் என்பதுதான் இந்த விதியின் சாரம்.

பாலம் எப்படிக் கட்டுவது? தூத்துக்குடிக் கடற்கரையிலேயே அதற்கு ஒரு கருவி இருந்தது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், முத்துகளைப் பருமன் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே அளவு, சிறு கிண்ணம்போல. முதல் சல்லடையில் 20 துளை. அடுத்ததில் 30. பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசியில் 1000. அகலம் ஒன்றே என்பதால், துளைகள் கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும். இருபது துளைச் சல்லடையில் தங்கும் முத்துதான் பெரிது, விலையும் அதற்குத்தான். ஆயிரத்தில் தங்குவது பொடி. முத்து வியாபாரி எவனும் ‘ஆயிரம் பெரிய எண், ஆகவே ஆயிரம் துளையில் நின்ற முத்துதான் பெரியது’ என்று ஏமாந்திருக்க மாட்டான்.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஏமாறுகிறது. நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்றால், எட்டு பெரிய எண் என்பதால் எட்டில் ஒன்றே பெரிது என்கிறது. பின்னம் கற்பிக்கும் ஆசிரியர் எல்லோரும் சந்திக்கும் தவறு இதுதான். இதைத் திருத்த, தொகுதி இது, பகுதி இது என்று சொல் விளக்கம் கொடுக்கிறோம். பிள்ளை விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு பழைய தவறையே செய்கிறது. ஒரே அளவில் நான்கு அட்டை வட்டங்களை வெட்டி, ஒன்றில் நான்கு, அடுத்ததில் எட்டு, பத்து, இருபது என்று துளையிடச் சொல்லுங்கள். துளையிடும்போதே கைக்குத் தெரிந்துவிடும். இருபது துளைக்கு இடம் போதாமல் ஓட்டையைச் சிறுக்க வைப்பான். அப்போது கேளுங்கள்: ‘ஏன் சின்னதாப் போட்டே?’ அவன் சொல்லும் பதில்தான் பின்னத்தின் முதல் பாடம். பகுதி என்ற சொல்லை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

பங்குக் கணக்கும் இங்கேயே கிடக்கிறது. வெள்ளைக்காரர் நடத்திய சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியை மூன்று குவியலாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று குளியாளிக்கு. மூச்சடக்கி ஆழத்துக்குப் போனவனுக்கு மூன்றில் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லிப்பாருங்கள், ஒரு பிள்ளையும் மறக்காது. 1961-இல் கடைசியாக முத்துக்குளித்து முடிந்தபின் சலாபம் இல்லை; ஆனால் பங்குக் கணக்கு போய்விடவில்லை. திரேஸ்புரத்துப் பையனின் 750, ஏழாயிரத்து ஐந்நூற்றில் பத்தில் ஒன்று. பாதியை ஐந்தாகப் பிரித்தால் பத்தில் ஒன்று என்பது பின்னப் பெருக்கல். அதை வகுப்பில் சூத்திரமாகக் கொடுக்கிறோம். அவன் கரையில் அதை நடத்திவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான்.

நம் மொழியும் இதைச் சுமந்துகொண்டிருக்கிறது. கால் என்றால் நான்கில் ஒன்று. அரைக்கால் என்றால் அதில் பாதி, எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் இவற்றை எண்சுவடியாக ஓதினார்கள். அந்தப் பள்ளிகளின் பிரம்பும் சாதிக் கதவும் நமக்கு வேண்டாம். ஆனால் ‘அரைக்கால்’ என்ற சொல் தானே ஒரு பெருக்கல்; ‘ஒன் பை எயிட்’ என்பதில் அது இல்லை. ஆங்கில வழி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பதை யார் தடுத்தது?

தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளையின் நிலைக்கு ஏற்பக் கற்பிப்பது நல்ல கொள்கை. ஆனால் நிலையைத் தாளில் மட்டும் அளந்தால், திரேஸ்புரத்துப் பையன் கடைசிக் குழுவில்தான் உட்காருவான். வாய்க்கணக்கையும் அளக்க வேண்டும். அவன் சொன்ன ‘அஞ்சு எழுநூறு’ வழியை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகத்தின் வகுத்தலை எழுதி, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று வகுப்பையே தேடவைக்க வேண்டும். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒருவன் எழுதினால், அடிக்காமல், ‘ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாச்சே, கூட்டினது எங்கே போச்சு?’ என்று கேட்க வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். பதிவேடும் செயலியும் ஆசிரியரின் நேரத்தைத் தின்கின்றன. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

தேர்வு ஆதரவாளர்களின் வாதம் ஒன்றே ஒன்று: பயம். பயந்த பிள்ளை விடையைச் சொல்லாது, தவறையும் மறைக்கும்; தவறு தெரியாத ஆசிரியர் எதைத் திருத்துவார்? இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை. தமிழ்நாடே ஒருமுறை இந்த வலையில் விழுந்தது. ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்து, பெற்றோர் கொதித்தெழ, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024–25-க்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்திவைத்த ஒன்றிய அரசு, பிள்ளையையும் நிறுத்திவை என்று சொல்ல வருகிறது. அதற்கு என்ன தகுதி?

ஜூன் 14 நள்ளிரவோடு விசைப்படகுத் தடைக்காலம் முடிகிறது. பள்ளிகள் திறப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். வேம்பார் தொடங்கிப் பெரியதாழை வரை கடலோரப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்காமல் கூறு, பங்கு, சல்லடை மட்டும் நடத்தட்டும். பிறகு புத்தகத்துக்குப் போகட்டும். ஒரே ஒரு கல்வியாண்டு. அடுத்த ஆய்வில் இந்தக் கரையின் எண் அறுபதைத் தாண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். தாண்டிவிட்டால் ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைக்க ஆள் வெகுவாகக் குறைந்துவிடும். வகுப்புக்கு நாற்பது அட்டை வட்டம், துளைபோட ஆளுக்கு ஓர் ஆணி. மாவட்டக் கல்வி அலுவலகம் இந்த ஜூனிலேயே கொடுத்துவிடலாம்.