கம்பியின் பருமனும் கைப்பேசிக் கணக்கும்

மின்பணியாளரின் சட்டைப்பையில் முன்னாளிற் சோதனை விளக்கும் திருப்புளியும் மட்டுமே இருந்தன. இந்நாளில் அவற்றோடு கைப்பேசியும், அதனுட் கணக்கிடும் செயலியும் சேர்ந்துள்ளன. இத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு பருமனுள்ள கம்பி வேண்டும், இத்தனை தூரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்கும், ஒரு குழாயினுள் எத்தனை கம்பி செலுத்தலாம் என்னும் வினாக்களுக்கெல்லாம் ஏணியின்மேல் நின்றபடியே விடை பெறலாம். விதிநூலையும் அங்கேயே புரட்டிப் பார்க்கலாம்.

இதனால் தொழிலறிவு தேய்ந்துபோம் என்று மூத்தோர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் யான் பங்குகொள்ளேன். அட்டவணை அச்சிட்ட கையடக்கப் புத்தகம் வைத்திருந்தவரை முன்பு எவரும் பழித்ததில்லையே! என் குறை வேறு. விடை கூறுமுன் செயலி சில வினாக்களைக் கேட்கிறது. யான் திறந்து பார்த்தவற்றில் அவ்வினாக்கள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பணியாளர் பொருள் விளங்காது விட்ட இடங்களைச் செயலி தானே நிரப்பிக்கொள்கிறது. ஆபத்து அங்கேதான் உளது.

ஒன்று காட்டுவேன். சுவர்மேற் பதித்த குழாயினுட் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பி, 70 பாகை தாங்கும் பி.வி.சி. உறையுடையதாயின், ஆங்கிலேயர் அட்டவணைப்படி 24 ஆம்பியர் சுமக்கும். ஆனால் அவ்வட்டவணை சுற்றுப்புற வெப்பம் 30 பாகை என்று கொண்டு வகுக்கப்பட்டது. வெப்பம் 40 பாகையானால் அவ்வெண்ணை 0.87ஆற் பெருக்க வேண்டும்; 45 பாகையானால் 0.79ஆல். அப்பொழுது 24 என்பது 19க்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் வேலூரிலோ மதுரையிலோ கல்நார்க் கூரையின் கீழ் 45 பாகை ஏறுவது அரிதன்று. இதனையறியாது வெப்பத்துக்குரிய கட்டத்தை 30 என்றே விட்டுவிட்டு, 24 என்னும் விடையை நம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துகிறார் ஒருவர். கம்பி தன் எல்லையைக் கடந்த பின்னும் அக்காவற்காரன் வாய் திறவான். உறை நாளடைவில் இறுகி வெடிக்கும். பின்னர் நேர்வதைச் சொல்ல வேண்டுவதில்லை. செயலி பொய் கூறிற்றா? இல்லை. வேறொரு நாட்டின் தட்பவெப்பத்துக்கு மெய்யே கூறிற்று.

இன்னொன்று, சிறிது; ஆயினும் யானே ஏமாந்தது. கிறிஸ்துமஸ் பந்தல் ஆலயத்திலிருந்து 60 மீட்டர் தொலைவில் உள்ளது, விளக்குச்சுமை 10 ஆம்பியர், கம்பி முன்கூறியதே. அக்கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். செயலி 'நீளம்' கேட்கிறது. போகும் நீளமா, போய்மீளும் நீளமா? போகும் வழியை மட்டும் எண்ணினால் இழப்பு 4.45 வோல்ட்டு, மீளும் வழியையும் எண்ணினால் 8.89 வோல்ட்டு. 230 வோல்ட்டில் முன்னது 1.9 விழுக்காடு, பின்னது 3.9 விழுக்காடு. விளக்குகளுக்கு 3 விழுக்காடே எல்லையெனில், ஒரு சொல்லின் மயக்கத்தால் ஆகாதது ஆகுமென்றாகிறது.

விதிநூல்களும் ஒன்றல்ல. அமெரிக்கருடையது 1897இல் தோன்றி, மூன்றாண்டுக்கொருமுறை திருத்தப்பெறுவது; அவர்தம் கம்பி எண்ணும் வேறு, இல்லங்களுக்குரிய 120 வோல்ட்டும் வேறு. ஆங்கிலேயருடையது 1882இல் தொடங்கி, 2018இற் பதினெட்டாம் பதிப்பாயிற்று. நமக்கோ ஐ.எஸ். 732 என்னும் நெறிநூல் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உளது. எந்நாட்டு விதி, எவ்வாண்டுப் பதிப்பு என்று முதற்றிரையிலேயே கூறாத செயலி, தேதியில்லாத மருந்துப்புட்டியை ஒக்கும். பாபேலில் மொழி தாறுமாறானபோது கட்டடவேலை நின்றது. இங்கோ நிற்பதில்லை; நடந்துகொண்டே செல்கிறது.

ஆதலின் தமிழிற் செயலி வேண்டும் என்கிறேன். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தான் முன்னமே கொண்ட வெப்பம் முதலியவற்றை அது வெளிப்படக் காட்டிப் பணியாளரின் இசைவு பெற வேண்டும். விடையோடு வழியையும் காட்ட வேண்டும். கணக்குப் பகுதியைப் பொறியியல் மாணவர் செய்வர். வினாக்களை எழுதுவது தமிழ் மாணவராகிய நம் பணி.

இங்கே என் வகுப்புத் தோழர் சிலரோடு எனக்குப் பிணக்குண்டு. 'புவியிணைப்பு' என்றெழுதுவதே தகும் என்பர் அவர். தூய தமிழில் அவருக்குள்ள பற்று எனக்கும் உண்டு; தேர்வில் யானும் அவ்வாறே எழுதுவேன். ஆனால் ஏணியின்மேல் நிற்பவர் கீழிருக்கும் உதவியாளரை நோக்கி, "எர்த்தைப் பாருடா" என்றே கூவுகிறார். நியூட்ரல், லோடு, பேஸ் என்பனவும் அவர் நாவிலுள்ள சொற்களே. அச்சொற்கள் திரையில் முன்னே நிற்கட்டும். நம் சொல் அதன் கீழே சிற்றெழுத்தில் நிற்பதற்கு யான் உடன்படுகிறேன்.