போர்டு போச்சு சார்!
லேப்டாப் ஆன் ஆகலை, சார்ஜும் ஏறலை என்று கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்காமல் 'மதர்போர்டு போச்சு சார், மாத்தணும்' என்பார்கள். நம்பாதீர்கள். அடாப்டர் தரும் 19 வோல்ட் ஜாக்கைத் தாண்டுகிறதா? முதல் மாஸ்ஃபெட்டோடு நின்றுவிடுகிறதா? வயரைச் செருகினதும் அடாப்டர் விளக்கு அணைந்தால், உள்ளே எங்கோ ஷார்ட். பல சமயம் குற்றவாளி, கடுகு சைஸ் கெபாசிட்டர் ஒன்று. விலை? சில ரூபாய்! ரிச்சி ஸ்ட்ரீட்டில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருக்கும் பையன் கண்டுபிடித்துவிடுவான். சர்க்யூட் வரைபடம் கையில் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதைத்தான் கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றனவே! 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை'க்கு இணையதளம் திறந்தது. திறந்ததோடு சரி, வரைபடத்தைத் தந்தே ஆகணும் என்று கட்டாயம் வைக்கவில்லை. அதுவரை நீங்களே கேளுங்கள்: 'எந்த லைன்ல வோல்ட் வரலை? பில்லுல எழுதிக் கொடுங்க.'