மீன்தொட்டியைத் தாங்கும் மேடை

வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி வைத்து அழகு பார்க்கும் ஆசை இன்று பல இல்லங்களில் உண்டு. மீன்களைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் தொட்டியைத் தாங்கும் மேடைக்குக் காட்டுவோர் குறைவு.

என் மச்சான் நான்கடித் தொட்டி ஒன்றை வாங்கி, பழைய தொலைக்காட்சி மேசைமீது ஏற்றினார். மூன்றாம் மாதம் ஒரு நள்ளிரவில் அடிக்கண்ணாடி விரிந்து வீடெங்கும் வெள்ளமாயிற்று. அருகே பாயில் உறங்கிய பிள்ளைகள் நனைந்ததோடு தப்பினர்.

கணக்கைப் பாருங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். ஆக 12 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் நீர் மட்டும் ஏறத்தாழ 340 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி 65 கிலோ. சரளைக்கல்லும் சேர்ந்தால் ஆறேழு பெரியவர்கள் இரவு பகலாக இறங்காது நிற்பதற்கு ஒப்பாகும்.

மேசையைப் புரட்டிப் பார்த்தோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. மேற்சட்டத்தைத் தாங்கக் கீழே கால் இல்லை. பக்கவாட்டில் முடுக்கிய திருகாணிகளே முழுச் சுமையையும் சுமந்திருந்தன!

புதிய மேடைக்கு மேற்சட்டம் கால்களின் தலைமீதே அமரும்படி செய்வித்தோம். அவ்வாறாயின் பாரம் மரத்தின் வழியே நேரே தரைக்கு இறங்கும். திருகாணிக்கு வேலை, மரத்தை விலகாமல் பிடித்திருப்பது மட்டுமே. முன்புறம் இரு கதவுகளுக்கிடையே நடுக்கால் ஒன்று வேண்டுமென்றதும், அழகு கெடும் என்று தச்சர் முணுமுணுத்தார். கெடட்டும் என்றேன். பின்புறம் முழுப் பலகை அடித்ததால் மேடை பக்கவாட்டில் ஆடவில்லை. பலகை யாவும் நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்; உட்புறமும் வார்னிஷ் பூசச் செய்தோம். அதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

மேற்பலகையில் அரை அங்குலத் தெர்மாகோல் விரித்தே தொட்டியை வைத்தோம். சிறு மணல் துகளும் மேடுபள்ளமும் கண்ணாடியை உறுத்தாதிருக்க அது உதவும். மின்கம்பியைச் செருகுமிடத்திற்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டோம். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது, இடப்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தது. நீரை முழுதும் இறைத்துவிட்டு, காலடியில் மெல்லிய தகடு செருகி, மீண்டும் முதலிலிருந்து ஊற்றினோம். பிள்ளைகளின் பாய் இப்போது அடுத்த அறையில்.