சட்டியும் அகப்பையும்

மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று கேட்டு வந்த மலர்க்குழுவினர், "ஐயா, அரசியல் மாத்திரம் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையையும் உடன் கொணர்ந்தனர். "அரசியல் எழுதோம், அரிசியைப் பற்றி எழுதுவோம்" என்றோம். மனநிறைவோடு சென்றனர். அரிசி என்னுஞ் சொல்லின் நடுவெழுத்திலுள்ள மேல்விலங்கை நீக்கினால் அரசி ஆகும் என்பதும், அரசிக்குப் பின்னே ஈரெழுத்துச் சேர்த்தால் அரசியல் ஆகும் என்பதும் அவர்கள் நினைவுக்கு வந்தில போலும். இலங்கையின் சென்ற எண்பது ஆண்டு வரலாற்றைப் பார்ப்பவர்க்கு, அவ்விரு சொற்களுக்கும் இடையே அந்த மேல்விலங்கின் அளவு வேற்றுமைதானும் இருந்ததாகத் தோன்றாது.

தமிழாசிரியன் எதனையும் சொல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். வாக்கு என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது பேச்சையும் குறிக்கும், உறுதிமொழியையும் குறிக்கும், தேர்தற் சாவடியில் யாம் இடும் புள்ளடியையும் குறிக்கும். வேட்பாளர் வாக்குக் கொடுத்து வாக்கு வாங்குகின்றார். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே பெயருடைய பண்டமாயிருக்கும் வியாபாரம் உலகில் வேறு உளதோ அறியோம். வேற்றுமை, கைமாறிய பின்னரே புலப்படும். அவர் வாங்கிய வாக்கு ஐந்து ஆண்டு செல்லும். யாம் வாங்கிய வாக்கு, முடிவு அறிவித்த இரவு வெடிக்கும் சீனவெடிப் புகையோடு போய்விடும். 1989 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதலாக விருப்பு வாக்கு என வேறொன்றும் வந்து சேர்ந்தது. அதன் பயனாக, எதிர்க்கட்சிக்காரரோடு பொருதவேண்டிய வேட்பாளர் தம் கட்சிக்காரருடைய சுவரொட்டியையே இரவில் கிழித்துத் திரியும் காட்சியையும் கண்டோம்.

வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை இந்நாட்டுக்கு 1931 இல் வந்தது. ஆணும் பெண்ணுமாய் இருபத்தொரு வயது நிரம்பியோர் எல்லாரும் அதனைப் பெற்றனர். பூரண சுயராச்சியம் தராத யாப்பு எமக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரசார் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தமையால், வடக்கே நான்கு தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்து 1934 இலேதான் நிரம்பின. கொடுத்ததையும் வேண்டாமென்ற பைத்தியக்காரர் என்று அவர்களை நகைப்பார் இன்றும் உளர். பின்னர் நாம் வாங்கிக்கொண்ட வாக்குகளின் கணக்கைப் பார்த்துவிட்டு நகைத்தல் நன்று.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது எம் அடுக்களைகளின் பொருளாதார நூல். அந்நூலுக்கு ஒரே சூத்திரம், உரை வேண்டியதில்லை. ஓர் உத்தியோகத்தர் வீட்டில் மாதம் இருபத்தைந்தாந் திகதிக்குப் பின்னர் நிகழும் நிதி நிருவாகத்தை மத்திய வங்கியார் ஒருமுறை வந்து பார்த்துப் போவது தகும். தேங்காய் பாதியாகும், மீன் கருவாடாகும், கருவாடு சம்பலாகும். ஆனால் "நாளை முதல் ஒவ்வொருவர்க்கும் இரண்டு பொரித்த மீன்" என்று அவ்வீட்டுத் தலைவி ஒருபோதும் அறிக்கை விடுவதில்லை. விட்டால் பிள்ளைகள் முதலிற் கேட்பது, "எங்கிருந்து அம்மா?" என்பதாகும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தோன்றும் இவ்வினா, வாக்காளர் பட்டியலிற் பெயர் ஏறியவுடன் மறந்துபோவது எங்ஙனம் என்பதே எமது ஆராய்ச்சி.

யுத்தகாலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. சங்கக்கடையும் கூப்பன் புத்தகமும் ஒவ்வொரு வீட்டின் அங்கமாயின. 1953 யூலை மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், கொத்து ஒன்று 25 சதமாக இருந்த பங்கீட்டரிசியின் விலையை அன்றைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஓகஸ்து 12 ஆந் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் எழுந்தது, உயிர்களும் போயின. மந்திரி சபை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறியிருந்து ஆலோசனை செய்தது. பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்று ஐந்தாண்டு ஆன அரசு, தன் குடிகளிடமிருந்து ஒளிக்கப் பிரித்தானியர் கப்பலைத் தேடிய அவ்விகடத்தை எந்த நாடகாசிரியனும் கற்பனை செய்திரான். ஒக்தோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

அந்நிதி மந்திரி சொன்ன கணக்குப் பொய்யன்று என்பதையும் சொல்லவேண்டும். கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை இறங்கிவிட்டது. உலகச் சந்தையில் அரிசி ஏறிவிட்டது. மானியம் திறைசேரியை அரித்துக்கொண்டிருந்தது. சட்டி மெய்யாகவே அடி தெரிந்து கிடந்தது. ஆனால் முந்திய ஆண்டு மே மாதத்துத் தேர்தல் மேடைகளில் அச்சட்டியின் மூடியை எவரும் திறந்து காட்டியிலர். வாக்கை எண்ணி முடித்தபின் மூடியைத் திறந்தனர். மருந்து கசப்பது இயல்பு. படுத்துறங்குபவனை எழுப்பாமலே மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினால் அவன் உதைப்பதும் இயல்பே.

அந்த உதையிலிருந்து எம் அரசியல்வாதிகள் ஒரு பாடம் கற்றனர். அது, உண்மையை முன்கூட்டிச் சொல்வோம் என்பதன்று. உண்மையைச் சொல்லவே கூடாது என்பது. 1966 டிசெம்பரில் மீண்டும் பிரதமராயிருந்த டட்லி, வாரம் இரண்டு கொத்தாயிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாக்கி, அதனை இலவசமாகத் தந்தார். இழந்த இரண்டாங் கொத்தே 1970 ஆம் ஆண்டுத் தேர்தலின் கதாநாயகனாயிற்று. சந்திரனிலிருந்தாயினும் அரிசி கொணர்ந்து தருவோம் என்னும் பேச்சு மேடையேறியது. சந்திரனிற் கல்லும் புழுதியுமன்றிப் பிறிதில்லை என்பதை, 1969 யூலையில் மனிதர் இருவர் அங்கே இறங்கிப் பார்த்துச் சொல்லியிருந்தனர். ஓராண்டுகூடச் சென்றிலது. இருந்தும் ஐக்கிய முன்னணிக்கு 151 ஆசனங்களில் 116 கிடைத்தன. இரண்டாங் கொத்து வந்தது, விலைக்கு வந்தது. 1973 இல் உலகமெங்கும் தானிய விலை ஏறியபொழுது பங்கீடு மறுபடியும் சுருங்கிற்று. பாணுக்கு விடியுமுன் வரிசையும், சோற்றுக்குப் பதில் மரவள்ளியுமாக அக்காலம் கழிந்தது.

அடுத்துவந்த 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் கொத்துக் கணக்குப் போய் இறாத்தற் கணக்கு வந்தது. ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தல் தானியம் என்றனர். 168 ஆசனங்களில் 140 கொடுத்தோம். 1979 இல் கூப்பனின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. அதுவும் வரும்படி குறைந்தோர்க்கே. முத்திரையில் ரூபாய்த் தொகை அச்சிடப்பட்டிருந்தமையால், விலைவாசி ஏற ஏற முத்திரையின் வயிறு ஒட்டிக்கொண்டே போயிற்று. எட்டு இறாத்தல் எங்கே என்று கேட்டவர்கள் காலப்போக்கில் வேறு அலுவல் பார்க்கப் போய்விட்டனர்.

இவையெல்லாம் கொழும்பிலிருந்து வந்த வினைகள், எமக்கு இவற்றிற் பங்கில்லை என்று எம்மூரார் சிலர் கூறக்கூடும். பங்கு உண்டு. எழுபதுகளின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபொழுது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்தான். செம்மண் பொன்மண்ணாயிற்று. கல்வீடுகள் எழுந்தன. தெற்கே பாணுக்கு வரிசையில் நின்றவனுடைய மிளகாய்ச் செலவே வடக்கே எம்மவன் வீட்டுக் கூரையோடாயிற்று என்பதை அப்பொழுது நினைத்தவர் சிலரே. அக்காலத்தைப் பொற்காலம் எனப் புகழும் பெரியோர் இன்னமும் உளர். ஆயினும் அதே அரசாங்கத்தின் காலத்திலேதான், 1971 இல், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம் படிக்கச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 வேண்டியதாயிற்று. தந்தைக்கு மிளகாய் விலை உயர்ந்தது. மகனுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணத்தை எம் இலக்கண வகுப்பிற் காட்ட இயலாது. 1977 இன் பின்னர்ச் சந்தை திறந்துவிடப்பட, வெங்காயமும் மிளகாயும் கப்பலில் வந்திறங்கின. விலை உயர்ந்ததும் போயிற்று; வெட்டுப்புள்ளியின் வடு மாத்திரம் நின்றது. அந்த வடுவின் வரலாற்றை இங்கே நீட்டோம். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் அதனை எம்மினும் நன்கறிவர்.

இனி அண்மையில் நிகழ்ந்ததற்கு வருவோம். சுபீட்சத்தின் நோக்கு என்னும் 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையிலே, பத்தாண்டில் நாட்டின் விவசாயம் முழுவதும் சேதனப் பசளைக்கு மாறும் என எழுதப்பட்டிருந்தது. நல்ல நோக்கமே. ஆனால் 2021 மே மாதம் 6 ஆந் திகதி வந்த வர்த்தமானி, இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. பத்தாண்டு ஓரிரவாயிற்று.

குழை தாழ்த்தியும் பட்டி அடைத்தும் மண்ணைக் காத்த எம்மூர்க் கமக்காரனுக்குச் சேதனப் பசளையின் பெருமையை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும் அவனை ஒரு சொற் கேட்டிருந்தால், அவன் திருப்பிக் கேட்டிருப்பான்: "எத்தனை வண்டில்?" அதுவும் சட்டிக் கணக்கே. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. மக்கிய எருவிலே நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே தேறும். ஆகவே ஒரு மூடை யூரியா செய்யும் வேலையைச் செய்ய, குறைந்தது ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எருவேனும் வேண்டும். சில வேளை இரண்டு தொன்னும் போதாது. நாடு முழுவதுக்கும் அத்தனை எரு எங்கிருந்து வரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இக்கணக்கை, வர்த்தமானி அச்சேறுமுன் போட்டுப் பார்த்தவர் உளராயின் அவர் சொல் எடுபடவில்லை. நவம்பரிலே தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் கைவிட்டுப் போயிற்று. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இடையே சீனத்திலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை, தீய கிருமி உடையது என்று திருப்பப்பட்டது. இறங்காத அப்பசளைக்கு 2022 சனவரியில் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது.

நாட்டை வீழ்த்தியது பசளை ஒன்றுதான் என்று கூறுவது நேர்மையன்று. கொரோனா நோயும், சுற்றுலாப் பயணிகள் வாராமையும், பல அரசாங்கங்கள் அடுக்கிவைத்த கடனும் உள. 2019 டிசெம்பரிற் பெறுமதி சேர் வரியை நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைத்தமையும் உண்டு. சட்டியிலிருந்ததில் ஒரு பாதியை வெளியே ஊற்றிவிட்டு அகப்பையைத் துலக்கிவைத்தனர். 2022 மார்ச்சில் அச்சிடக் காகிதமின்றி மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பரீட்சை இல்லை என்றறிந்து மகிழ்ந்த மாணவர்களை யாம் குறைகூறோம். ஏப்பிரில் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசு அறிவித்தது. யூலை மாத நடுவில் சனாதிபதி நாட்டை விட்டேகி, மின்னஞ்சலிற் பதவி துறந்தார். 1953 இல் மந்திரிகள் துறைமுகம் வரையே சென்றனர் என்பதை ஒப்புநோக்குக.

இத்தனைக்கும் மேடைகளிற் பேசிய தமிழும் சிங்களமும் அழகானவை. அதுவே எமது கவலை. எம் கல்லூரிகளிற் பேச்சுப் போட்டி உண்டு, விவாதம் உண்டு, வென்றவர்க்குக் கேடயம் உண்டு. குரலுக்குப் புள்ளி, உச்சரிப்புக்குப் புள்ளி, மெய்ப்பாட்டுக்குப் புள்ளி. சொன்னது நடக்குமோ என்பதற்குப் புள்ளியில்லை. பின்னர் சொல்லில் வல்லார் மேடைக்கும், கணக்கில் வல்லார் விமான நிலையத்துக்கும் போய்விடுகின்றனர். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருவரையொருவர் மறுபடி காண்பது இத்தகைய விழாக்களிலேதான்.

ஆகவே எம் வகுப்பு விவாதங்களில் இவ்வாண்டு ஒரு விதி வைத்தோம். எதையேனும் தருவோம் என்று பேசும் அணியை நோக்கி, எதிரணியார் "எங்கிருந்து?" என்று ஒரு முறை கேட்கலாம். விடையின்றேல் ஐந்து புள்ளி குறையும். முதல் விவாதத்திலேயே ஒரு மாணவன், தொலைவிலிருந்து வரும் எல்லா மாணவர்க்கும் இலவசப் பேருந்து என முழங்கினான். கைதட்டல் ஓயுமுன் வினா வந்தது. "அரசாங்கம் தரும்" என்றான். "அரசாங்கத்துக்கு எங்கிருந்து?" என்றது எதிரணி, அஃது இரண்டாம் வினா, விதிக்குப் புறம்பு, எனினும் விட்டுவிட்டோம். பையன் வாய்மூடி உட்கார்ந்தான். ஐந்து புள்ளி போயிற்று, அணியும் தோற்றது.

மறுநாட் காலையில் அவன் ஒரு தாளோடு வந்தான். எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எத்தனை கிலோமீற்றர், டீசலுக்கு எவ்வளவு, சாரதிக்கு எவ்வளவு என்று நிரல்பட எழுதியிருந்தான். எல்லார்க்கும் இயலாது என்று தானே கண்டு, ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருவோர்க்கு மாத்திரம் எனத் தன் திட்டத்தைச் சுருக்கியிருந்தான். அவர்களுள்ளும் வசதியுடையோர் பாதிக் கட்டணம் செலுத்துவர் எனவும் ஒரு குறிப்பு. கூட்டற் பிழை ஒன்றிருந்தது; கணித ஆசிரியர் திருத்திக் கொடுத்தார். தாள் இப்பொழுது அதிபர் மேசையில் உள்ளது. பழைய மாணவர் சங்கத்தார் பார்வைக்கென ஒரு பிரதி எம் கைவசம் வைத்திருக்கின்றோம். பேருந்து ஒன்றின் விலை அதன் மூன்றாம் வரியில் இருக்கின்றது.