முடியுங் குருதியும்

அரசுரிமை பற்றி வாதிடுவோர் எக்காலத்தும் இரு சான்றுகளையே காட்டுவர். ஒன்று குருதி, மற்றொன்று மரபு. இவ்விரண்டும் தம்முள் முரணுமிடத்து எதனைக் கொள்வது? யப்பானிய அரியணை பற்றி இந்நூற்றாண்டில் எழுந்த வாதம் இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

2019 மே முதலாந் திகதி அரியணை ஏறிய நருஹிதோ சக்கரவர்த்திக்கு ஒரே மகவு. 2001இற் பிறந்த இளவரசி அயிக்கோ. 1947ஆம் ஆண்டின் அரசகுலச் சட்டமோ, ஆண்வழி வந்த ஆண்மக்களுக்கே முடியுரிமை என வரையறுத்தது. ஆகவே அவ்வுரிமை தம்பியார் அகிஷினோவுக்கும், அவர்பின் 2006இற் பிறந்த அவர் மைந்தர் ஹிசஹிதோவுக்கும் உரியதாயிற்று. ஆண், பெண் என்னும் பேதமின்றி மூத்த மகவே முடி சூடலாம் என 2005இல் ஓர் அறிஞர் குழு பரிந்துரைத்திருந்தது. ஹிசஹிதோவின் வரவு தெரிந்ததும் அம்முயற்சி கிடப்பிற் போடப்பட்டது.

ஆண்வழியே மரபு என்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அங்கு அரசாண்ட பெண்டிர் எண்மரும் தந்தைவழியால் அரசகுலத்தினரே. ஆயினும் அவ்வழி அறாது நின்றது எங்ஙனம்? பட்டத்தரசியரால் மட்டுமன்று, காமக்கிழத்தியராலுமாம். 1912 முதல் 1926 வரை ஆண்ட தைஷோ சக்கரவர்த்தியே அத்தகையாள் ஒருத்தியின் மகன். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை அடைத்தது, நன்றே செய்தது. ஆனால், மரபைத் தாங்கிய தூணொன்றை அகற்றியபின், கூரைமட்டும் அசையாது நிற்கவேண்டும் என்பது எவ்வாறு?

1947இல் அரசகுலத்தினின்றும் நீங்கிய கிளைகளின் ஆண்வழியினரைச் சுவீகாரம் கொள்ளலாம் என 2021இல் வேறொரு குழு கூறிற்று. அவர்க்கும் சக்கரவர்த்திக்கும் ஆண்வழியிற் பொதுவான முன்னோன் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். பெற்ற மகளுக்கு இல்லாத உரிமை அறுநூறாண்டுக்கு அப்பாலுள்ள உறவினனுக்கு உண்டாமெனின், அங்கே பேசுவது குருதியன்று. மனிதர் வகுத்த விதியே.

விதியை வகுப்பவர் யார்? சக்கரவர்த்தியின் நிலை, இறைமையுடைய மக்களின் விருப்பினின்றும் பிறப்பது என்கின்றது அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை. முடி பரம்பரைவழியது என்றும், பாராளுமன்றம் இயற்றிய சட்டப்படியே செல்வது என்றும் இரண்டாம் உறுப்புரை கூறும்.

மக்கள் விருப்பே அடிப்படையெனின் பரம்பரை எதற்கு எனச் சிலர் வினவலாம். நேர்மையான வினா. ஆட்சியதிகாரமற்றுச் சின்னமாய் நிற்கும் ஒருவர் கட்சிப் பூசலுக்கு அப்பாற்பட்டிருத்தல் வேண்டும். பரம்பரை தரும் பயன் அதுவே என்பேன். அப்பயனை மகளும் தருவாள். தெய்வ வழிவந்த உரிமை என்னும் பேச்சு ஓய்ந்த நாட்டில், முடிக்கு எஞ்சியுள்ள தகுதி மக்கள் ஒப்புதல் ஒன்றே. அவ்வொப்புதலை நாடாத அரசகுலம், எத்துணைத் தூய குருதியுடையதாயினும், நிலைத்தல் அரிது.